வரப்பில் ஓடிய வகுப்பு

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் மூன்றாவது நிமிஷம் அந்தக் கேள்வி வந்துவிடும். "அங்க என்னதான் வேலை பாக்குறே?"

நர்ஸ், ஐடி என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். என் வேலைக்கு அப்படி ஒரு வார்த்தை இன்னும் அகப்படவில்லை. இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கிற ஒரு ஊரில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர்கள் தங்கள் பாடத்தை 'பிளெண்டட்' ஆக மாற்ற நான் கூட இருந்து உதவுகிறேன். அதாவது, வகுப்பில் நின்று ஒரு மணி நேரம் பேசுவதை வீடியோவாக எடுத்துவிடுவது. மாணவர்கள் அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள். வகுப்பறைக்கு வரும் நாளில் கணக்குப் போடலாம், சண்டை போடலாம், சந்தேகம் கேட்கலாம். கேட்க சிம்பிளாக இருக்கும். முப்பது வருஷமாக ஒரே நோட்ஸை வாசித்த மனுஷரை கேமரா முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள், தெரியும்.

"வாத்தியாருக்கே டியூஷனா?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் டீக்கடையில் அவர் அப்படிச் சொல்வதில்லை. "எம் பொண்ணு மதி வெளிநாட்ல பாடமே போடுறா" என்பார்.

இந்த வாரத்தோடு இங்கே வந்து மூன்று வருஷம். வந்த புதிதில் வாயைத் திறந்தாலே வம்பு. ஒரு வரலாற்றுப் பேராசிரியருக்குப் போன் போட்டு, நம்மூர்ப் பழக்கத்தில் 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்பதை அப்படியே இங்கிலீஷில் தள்ளினேன். அவர் ரொம்ப மரியாதையாக, "காரணம் கிடைத்ததும் திரும்பக் கூப்பிடு" என்று வைத்துவிட்டார். இப்போதெல்லாம் காரணத்தோடுதான் கூப்பிடுகிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, காரணத்துக்கு ஒரு படிவம் இருக்கிறது, படிவத்துக்கு ஒரு கமிட்டி இருக்கிறது.

மூன்று வருஷ நிறைவுக்கு கெத்தாக ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வருவது வேறாக இருக்கிறது.

2

போன வருஷக் கடைசியில் எங்கள் பல்கலைக்கழகம் வெளிநாட்டுக் கல்லூரிகள் சிலவற்றோடு ஒப்பந்தம் போட்டது. பாடங்களை நாங்கள் மாற்றி அமைத்துக் கொடுப்போம். பட்டியலில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று இருந்தது. நான் படித்த கல்லூரி. என் தங்கை கயல் இப்போது கடைசி வருஷம் கணிதம் படித்துக்கொண்டிருக்கும் கல்லூரி.

"உன் ஊர்தானே, நீயே எடுத்துக்கொள்" என்றாள் என் மேலதிகாரி ஹெலன். எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் பாடம் எடுத்த தமயந்தி மேடத்துக்கு நான் சொல்லித் தரப் போகிறேன்!

முதல் ரெக்கார்டிங்கை நான் இங்கிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்க, மேடம் அங்கே பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மேடம், கல்யாணத்துக்குப் போறீங்களா?"

"நான் ரிட்டயர் ஆனப்புறமும் இது ஓடும்ல? நல்லா இருந்துட்டுப் போகட்டும்டி."

"சரி, அந்த ஃபேனை ஆஃப் பண்ணுங்க. சத்தம் கேக்குது."

"ஃபேனை ஆஃப் பண்ணா நானே ஆஃப் ஆயிடுவேன். இது தஞ்சாவூரு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டம் என்னுடையது. திங்கள், செவ்வாய், வெள்ளி கல்லூரிக்கு வர வேண்டும். புதன், வியாழன் வீட்டில் இருந்தே வீடியோ. வேகமாக ஓட்டிவிட்டுப் பார்த்ததாகக் கணக்குக் காட்ட முடியாதபடி பூட்டு போட்டேன். வீடியோ முழு நேரமும் ஓடியே ஆக வேண்டும். நடுநடுவே ஒரு கேள்வி வந்து நிற்கும், எதையாவது தொட்டால்தான் மேலே போகும். மாலை ஐந்து மணிக்குள் முடித்தால் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி. முடிக்காவிட்டால் சிவப்பு. என் கண்ணுக்கே அவ்வளவு அழகாக இருந்தது.

மேடம் திட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எனக்கு நல்லதுதான். புதன்கிழமை மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். ஆனா நம்ம பொண்ணுங்க வீட்ல உட்கார்ந்து பாப்பாளுங்களா?"

"பாக்காம எங்க போவாங்க? தள்ளிவிட முடியாதபடி பண்ணியிருக்கேன் மேடம்."

"நான் பாக்குறதைச் சொல்லல. உட்கார்றதைச் சொன்னேன்."

எங்கள் பயிற்சியில் ஒரு ஸ்லைடு உண்டு: 'ஆசிரியர்களின் தயக்கத்தைக் கையாளுதல்.' மேடத்தின் பேச்சை மனசுக்குள் அந்த ஸ்லைடில் ஒட்டிவிட்டு, அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன்.

கல்லூரி நிர்வாகத்துக்குத் திட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. கடைசி வருஷத்துக்காரர்களுக்குப் புதன், வியாழன் காலேஜ் பஸ் கிடையாது என்று உடனே அறிவித்தார்கள். டீசல் மிச்சம் ஆகும் சந்தோஷத்தை மீட்டிங்கில் மறைக்கக்கூட இல்லை.

3

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீடாமங்கலத்தில் ஏறினால் கல்லூரி வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏறும் வரைக்கும் நான் அப்பாவின் பெண். இறங்கும்போதும் அப்பாவின் பெண். நடுவில் இருந்த நேரத்துக்கு மட்டும் பெயர் கிடையாது. கண்டபடி சிரிப்போம். யாருக்கு யார் மெசேஜ் அனுப்பினான் என்று பஞ்சாயத்து நடக்கும். கடைசி சீட்டில் ஒருத்தி மூன்று மாதம் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தாள். அவளைப் பார்த்துத்தான் நானும் படிக்க ஆரம்பித்தேன். இங்கே வர விண்ணப்பித்தது அந்த பஸ்ஸில். போனில் டைப் பண்ணும்போது பள்ளத்தில் பஸ் குதிக்க, என் பெயரிலேயே ஒரு எழுத்து விழுந்து, அதைத் திருத்த இந்த ஊர் அலுவலகத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன்.

வீட்டில் நம்மை யாரும் கட்டிப் போடவில்லை. அடிக்கவில்லை. நல்ல மனுஷர்கள். ஆனால் வீட்டில் கண்ணெதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், அவள் சும்மா இருக்கிறாள் என்று அர்த்தம். கையில் புத்தகம் இருந்தாலும் சும்மாதான். "அதை அப்புறம் படிச்சுக்கலாம், இந்தக் குழம்பைக் கொஞ்சம் பாரு." அந்த அப்புறம் வராது. காலேஜுக்குப் போனால் மட்டும்தான் அது படிப்பு.

இது எனக்குத் தெரியும். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே எங்கள் மாணவர்கள் காபிக் கடையில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். வீட்டு நாள் கொடுத்ததற்குக் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். மூன்று வருஷம் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, 'வீடு' என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் ஒரு ரூம் என்று என் மண்டையில் பதிந்துவிட்டது போலிருக்கிறது. திட்டத்தில் 'வீட்டிலிருந்து' என்று டைப் பண்ணியபோது நீடாமங்கலம் வீடு என் ஞாபகத்துக்கே வரவில்லை.

4

போன வாரம் புதன்கிழமை காலை மீட்டிங்கில் அதுவரைக்குமான தஞ்சாவூர் நிலவரத்தைப் பெரிய திரையில் போட்டேன். பெயர்கள் வரிசையாக, எல்லாம் பச்சை. ஒரு சிவப்பு கிடையாது. இங்கிலாந்து மாணவர்களே அப்படி முடித்ததில்லை. ஹெலன் கை தட்டினாள். "இதை வருஷ அறிக்கையில் போட வேண்டும்" என்றாள். அந்த அறிக்கையை நம்பித்தான் என் வேலையும் விசாவும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பிஸ்கெட் எல்லாம் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது கொட்டலாம் என்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

அம்மா வயலில் இருந்தார். அங்கே மூன்றரை மணி, சம்பா நடவு.

"இந்தா பாரு, நம்ம மேலப் பங்கு வயலு. தண்ணி இந்த வருஷம் பரவால்ல. நாளைக்கு முடிஞ்சுடும்."

போனைச் சுற்றிக் காட்டினார். வரிசையாக முதுகுகள், நாற்று முடிகள், சேறு. அந்தப் பக்கம் கயல் ஒரு கையில் டீத் தூக்கும் மறு கையில் தம்ளர்களுமாக வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவள் தூக்கிச் செருகிய பாவாடையையும் முழங்கால் வரை சேற்றையும் பார்த்துச் சிரிக்கப் போனேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"...ஆக, இந்த மாறி தொடர்ச்சியானது என்றால், நிகழ்தகவை எப்படிக் கணக்கிடுவோம்?"

தமயந்தி மேடம்.

"அம்மா, அது என்ன சத்தம்?"

"கயலோட கிளாசு. அங்க வச்சிருக்கா பாரு."

வரப்பில் பித்தளைச் சொம்பு ஒன்றில் சாய்ந்தபடி கயலின் போன். அதில் பட்டுப்புடவையோடு மேடம், சம்பா வயலைப் பார்த்து உருக்கமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எதிரே ஒரு ஈ, காக்கா இல்லை.

நட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தபடி கத்தினார், "ஏ கயலு, அந்தப் பொம்பளை காலையிலேர்ந்து கத்திக்கிட்டே கெடக்கு. அதுக்கும் ஒரு டீ ஊத்திக் குடு, பாவம்!"

வயலே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். அப்போது போனில் குரல் நின்றது. கேள்வி வந்திருக்க வேண்டும். அம்மா குனிந்து, சேற்று விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, திரையில் ஏதோ ஒன்றைத் தொட்டார். மேடம் மறுபடி பேச ஆரம்பித்தார்.

"என்னம்மா பண்ணே?"

"நடுவுல நின்னுடும். எதையாவது ஒண்ணு தொட்டா ஓடும்." அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. "போன வாரம் நான் தொட்டதுல நாலு சரின்னு வந்துச்சு, தெரியுமா?"

போனை வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். அங்கே ஐந்து அடிப்பதற்கு முன்னாலேயே கயலின் பெயருக்கு எதிரே பச்சை விழுந்தது.

5

மறுநாள் கயலைப் பிடித்தேன். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேசினாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எதைச் சொல்றது? நீ போட்டதுதானே. குரூப்ல எல்லாரும் உன்னைக் கழுவி ஊத்துறாளுங்க. எங்கக்காதான்னு நான் வாயே திறக்கல."

"என்னையா? நான் என்னடி பண்ணேன்?"

"கெஞ்சிக் கூத்தாடி வாங்கின அஞ்சு நாளை மூணா ஆக்கிட்டே. எங்க கிளாஸ் ஷாலினியை அந்த ரெண்டு நாளும் மாவு மில்லுல உட்கார வச்சுட்டாங்க. ஒருத்திக்குத் தம்பி பாத்து முடிச்சப்புறம்தான் போனே கைக்கு வருது."

"எல்லாருக்கும் பச்சையாதானே காட்டுது?"

"ஓட விட்டா பச்சைதான். நீயே பண்ணிட்டு எங்கிட்ட கேக்குறே."

கொடியிலிருந்து துணியை உருவும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல் மாறியது.

"அக்கா, அடுத்த புதன் என்னைப் பாக்க வர்றாங்க."

"யாரு?"

"திருவிடைமருதூர் சித்தப்பா சொன்ன இடம். தை மாசமே முடிச்சுடலாம்னு பேச்சு. முன்னாடி அம்மாவே காலேஜ் இருக்கு, பரீட்சை இருக்குன்னு தள்ளிவிடுவாங்க. இப்பதான் காலேஜே வீட்டுக்கு வந்துடுச்சே. நான் சும்மாதானே இருக்கேன்."

கயலுக்குச் சென்னையில் எம்.எஸ்.சி. படிக்க வேண்டும். அதற்கான நுழைவுத் தேர்வு மாசியில். அவளும் மூன்று தோழிகளும் பஸ்ஸிலும், வகுப்பு முடிந்து பஸ் கிளம்பும் வரைக்கும் லைப்ரரியிலும் அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். புதன், வியாழன் போனதும் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது.

"நீ அப்பாட்ட பேசு. புதன்கிழமை வந்தே ஆகணும், கட்டாயம்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

முதலில் ஹெலனிடம் போனேன். வீட்டு நாளைத் தூக்கிவிடலாம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். நல்லவள்தான். "ஆனால் எல்லாம் பச்சையாக இருக்கிறதே?" என்றாள். அங்கீகரித்த திட்டத்தை மாற்ற ஒரு படிவம், அதற்கு ஆதாரம், அதற்கு அந்தக் கல்லூரியின் சம்மதம், பிறகு கமிட்டி. கமிட்டி அடுத்து கூடுவது ஜனவரியில். தை மாசம். எங்கள் கமிட்டியும் தங்கச்சி கல்யாணமும் ஒரே முகூர்த்தத்தில்.

தமயந்தி மேடம் படிவம் எல்லாம் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் திட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன். பிறகு சொன்னார், "சந்தேகம் கேக்க வரலாம்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிடுறேன். அதுக்கு எவன் பர்மிஷன் வேணும்? புதன்கிழமை செமினார் ஹால் சும்மாதான் கிடக்கு."

"மாமியாரை யாரு மேடம் கூட்டிட்டுப் போவா?"

"அந்தாளு லீவு போடட்டும். அவருக்கும் அம்மாதானே."

ஆனால் அது கட்டாயம் இல்லை. வருகிறவர்கள் வரலாம், அவ்வளவுதான். பஸ்ஸும் கிடையாது.

6

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவைக் கூப்பிட்டேன். வாய்க்கால் ஓரமாக நின்றிருந்தார் போல, தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"சும்மாதான் கூப்பிட்டேன்ப்பா."

"சும்மா கூப்பிட மாட்டியே. சொல்லு."

"கயலைப் புதன்கிழமை காலேஜுக்கு அனுப்புங்கப்பா."

"அன்னிக்குத்தான் காலேஜ் கிடையாதே. நீதானே வச்சே?"

"மேடம் வர்றாங்கப்பா. வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்றாங்க."

"கட்டாயம் வரணுமா?"

கட்டாயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னால் அவர் நம்புவார். நான் சொன்னதை எல்லாம் நம்பியதால்தான் என் தங்கை வரப்பில் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

"கட்டாயம் இல்லப்பா. நான் அதைத் தப்பா போட்டுட்டேன். வீட்ல இருந்து படிக்க முடியாது. நம்ம வீட்ல முடியாது."

மண்வெட்டியை வரப்பில் ஊன்றும் சத்தம் கேட்டது.

"பேங்க்ல, டீக்கடையில, ஒரு இடம் பாக்கி இல்லாம சொல்லியிருக்கேன்" என்றார். "எம் பொண்ணு போட்ட பாடம், புள்ளைங்க அலையாம வீட்லயே படிக்குதுன்னு."

"தெரியும்ப்பா."

"இப்ப தப்புங்குறே."

"ஆமாப்பா."

"அவங்களை வேற வரச் சொல்லியாச்சு."

"கயல்ட்ட கேட்டீங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க கேட்டீங்களாப்பா?"

"மடையைத் திறந்து விட்டுட்டு நிக்கிறேன், வரப்பு உடைச்சுக்கும். வை" என்றார். வைத்துவிட்டார். அதற்கப்புறம் செவ்வாய் வரை நான் கூப்பிட்டால் அம்மாதான் எடுத்தார். "அப்பா வெளியில போயிருக்காரு."

7

நேற்று புதன்கிழமை. எங்களுக்குப் பன்னிரண்டரை என்றால் அங்கே ஐந்து. சாண்ட்விச்சைப் பிரிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒவ்வொரு பெயராகப் பச்சை விழுந்துகொண்டிருந்தது. கயலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஐந்தாயிற்று. அவள் பெயருக்கு எதிரே சிவப்பு விழுந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. போன் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். வந்தவர்களுக்கு முன்னால் புடவை கட்டி உட்கார வைத்திருக்கலாம்.

ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஹாரனும் கண்டக்டர் விசிலும்.

"அக்கா, காலையில அப்பாவே வண்டியில நீடாமங்கலம் ஸ்டாண்டுல இறக்கி விட்டாரு. வழியில ஒரு வார்த்தை பேசல. இறங்குறப்ப 'எம்.எஸ்.சி. எத்தனை வருஷம்'னு மட்டும் கேட்டாரு. அவங்களைத் தீபாவளி கழிச்சு வரச் சொல்லியிருக்காங்களாம், வேண்டாம்னு சொல்லல. ஹால்ல நாங்க நாலே பேருதான். மேடம் சாதாச் சேலையில வந்தாங்க, செமையா நடத்தினாங்க. இப்ப டவுன் பஸ்ல தொங்கிட்டு வர்றேன், அப்புறம் பேசுறேன்."

இரண்டாவது தடவை கேட்டுக்கொண்டிருக்கும்போது ஹெலன் வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். நாலு பேர் என்றால் நாலு சிவப்பு. வரிசையில் அவை மட்டும் தனியாகத் தெரிந்தன.

"ஐயோ, நாலு பேர் பின்தங்கிவிட்டார்களே" என்றாள். "சிஸ்டம் நினைவூட்டல் அனுப்பிவிடும். நீயும் கூப்பிட்டுப் பேசு."

நினைவூட்டல் போயிருக்கும். 'நீங்கள் வகுப்பில் பின்தங்குகிறீர்கள்' என்று ஆரம்பிக்கும். எழுதியவள் நான்தான்.

"அந்த நாலு பேரும் வகுப்பில்தான் இருந்தார்கள்" என்றேன். "வருஷ அறிக்கையில் இந்தப் படத்தைப் போட வேண்டாம். உட்கார், உனக்கு ஒரு வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும்."

விசாவைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். ஹெலன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று திரையைப் பார்த்தேன். நாலு சிவப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதற்கு மேலும் கீழும், அம்மாக்களோ தம்பிகளோ யாரோ ஒருவர் வேலைக்கு நடுவே விரலைத் துடைத்துக்கொண்டு தொட்ட பச்சைகள். அத்தனை பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன்.